செத்த இறால் செய்யும் வேலைக்கு உயிருள்ள மீன் எதற்கு?

போன வாரம் ஷேர் ஆட்டோக் கட்டணத்தைப் பற்றி எழுதி நாலு பேரிடம் திட்டு வாங்கியாயிற்று. இந்த வாரம் கடல் மீன் தொட்டி. "பி.காம். படிக்கிறவனுக்கு மீன் தொட்டியைப் பற்றி என்னடா தெரியும்?" என்று கேட்கப்போகும் வகுப்புத் தோழர்களுக்கு ஒரே பதில்தான். ஐந்து மீன்களைக் கொன்ற அளவுக்குத் தெரியும்.

இது 'கடல் மீன் தொட்டி வைப்பது எப்படி' என்கிற பாடம் இல்லை. கோபத்தில் எழுதுவது. கோபத்தில் பாதி மீன் விற்றவர் மேல், பாதி என் மேல். யாருக்கு எவ்வளவு என்பதைக் கடைசியில் நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள்.

முதலில் நடந்த கதை.

எங்கள் வீடு திருமுல்லைவாயில். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் ரயில் பிடித்து, பஸ் மாறி, அரை நாளை விட வேண்டும். அதனாலேயோ என்னவோ, கடலை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்று சின்ன வயதில் இருந்தே ஒரு பைத்தியம். ஞாயிற்றுக்கிழமைகளில் கல்யாண மண்டபங்களில் கேட்டரிங் வேலைக்குப் போய்ச் சேர்த்த காசில், அண்ணனூரில் ஒருவர் வீட்டில் சும்மா கிடந்த மூன்றடிக் கண்ணாடித் தொட்டியை வாங்கினேன். ஃபில்டர், மணல், செயற்கைக் கடல் உப்பு எல்லாம் ஒரு கடையில். எந்தக் கடை என்று சொல்ல மாட்டேன். அவர் ஒருவரோடு முடிகிற விஷயமாக இருந்தால் இவ்வளவு நீளம் எழுதியே இருக்க மாட்டேன்.

"தண்ணி ரொப்பி உப்பு கலக்கி ஒரு நாள் ஃபில்டரை ஓட விடு தம்பி. மறுநாள் வந்து மீன் எடுத்துக்கோ."

"அண்ணே, அவ்வளவு சீக்கிரம் விடலாமா?"

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது. முதல்ல டாம்சல் நாலு விடு. அது சாகாது. தொட்டியை அதுவே செட் பண்ணிடும். ரெண்டு நீமோவும் எடுத்துக்கோ, வீட்ல சந்தோஷப்படுவாங்க."

எடுத்துக்கொண்டேன். டாம்சல் ஒன்று 120 ரூபாய், நீமோ என்கிற க்ளௌன் மீன் ஒன்று 400. ஆறு மீனுக்கு 1,280. நிஜமாகவே வீட்டில் சந்தோஷப்பட்டார்கள். இரண்டு நாள்.

மூன்றாம் நாள் தண்ணீர் கலங்கியது. ஆயா வந்து பார்த்துவிட்டு, "இன்னாடா, கஞ்சித் தண்ணி மாதிரி கீது?" என்றார். ஐந்தாம் நாள் க்ளௌன் மீன் ஒன்று மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. ஆறாவது படிக்கும் என் தங்கை, "அண்ணா, நீமோ பேசுது பாரு" என்று கத்தினாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? செல்போனில் படம் பிடித்து, பாட்டுப் போட்டு, ஸ்டேட்டஸ் வைத்தேன். நாற்பது பேர் ஹார்ட் விட்டார்கள்.

அது பேசவில்லை மக்களே. மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது.

ஒன்பதாம் நாள் முடிவதற்குள் இரண்டு க்ளௌன், மூன்று டாம்சல் காலி. ஒரே ஒரு டாம்சல் மட்டும் மூலையில் நின்றுகொண்டிருந்தது. கடைக்குப் போய்ச் சொன்னேன். "உயிருள்ளதுக்கு கேரண்டி கிடையாது தம்பி. வேற ரெண்டு எடுத்துக்கோ, அம்பது ரூபா கம்மி பண்ணித் தரேன்."

அந்த ஐம்பது ரூபாயில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தண்ணீரில் என்னதான் நடந்தது?

கொன்ற பிறகு படித்தேன். (வரிசை தப்பு என்று தெரியும். அதனால்தான் பதிவு.)

மீன் கழிவில் இருந்தும், செவுள் வழியாகவும், தின்னாமல் விட்ட தீனி அழுகியும் தொட்டியில் அம்மோனியா சேர்கிறது. அது மீனுக்கு விஷம். ஒரு வகைப் பாக்டீரியா இந்த அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் அவ்வளவு ஆபத்தில்லை, தண்ணீர் மாற்றிக் குறைத்துவிடலாம். இது நேற்று கண்டுபிடித்த ரகசியமும் இல்லை. இந்தப் பாக்டீரியாக்களை ரஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி 1890லேயே பிரித்துக் காட்டிவிட்டார்.

சிக்கல் எங்கே என்றால், புதுத் தொட்டியில் இந்தப் பாக்டீரியா கிட்டத்தட்ட இல்லை. மணலிலும் கல்லிலும் ஃபில்டர் பஞ்சிலும் ஒட்டி வளர வேண்டும். வளர்ச்சியோ மகா மந்தம். சாதாரணப் பாக்டீரியா சில இருபது நிமிடத்தில் இரண்டாகும். இவற்றுக்கு அரை நாளில் இருந்து ஒரு நாளுக்கு மேல்கூட ஆகும். தொட்டி தயாராக நாலு முதல் ஆறு வாரம் பிடிப்பது சர்வ சாதாரணம். கடைக்காரர் எனக்குக் கொடுத்தது ஒரு நாள்.

ஆயாவிடம் இதை விளக்கினேன். ஒரே வரியில் முடித்துவிட்டார். "மாவு அரைச்ச உடனே இட்லி ஊத்த முடியுமாடா? பொங்க வேணாம்?"

அவ்வளவுதான் விஷயம். அரிசியும் உளுந்தும் சரியான அளவு, கிரைண்டர் புதுசு, எல்லாம் இருந்தும் மாவு புளித்தால்தான் இட்லி. உப்பு சரியாக இருக்கிறது, தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது என்பதெல்லாம் அரைத்த மாவு மட்டும்தான்.

கடல் மீன் தொட்டியில் இது இன்னும் மோசம். அம்மோனியா தண்ணீரில் இரண்டு வடிவத்தில் இருக்கும். ஒன்று கொஞ்சம் சாது, மற்றது கொல்லும். தண்ணீரின் பி.எச். ஏற ஏறக் கொல்லும் வடிவத்தின் பங்கு ஏறும். பி.எச். 7 இருக்கும் நல்ல தண்ணீர்த் தொட்டியோடு ஒப்பிட்டால், 8.2 இருக்கும் கடல் நீரில் அந்தப் பங்கு பத்து மடங்குக்கு மேல். போதாததற்கு, ஒரே வெப்பத்தில் நல்ல தண்ணீரைவிடக் கடல் நீரில் கரையும் ஆக்சிஜன் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. நம்ம ஊர் மே மாத வெயிலில் அதுவும் இன்னும் குறையும். "கப்பி விட்டேன், ஒண்ணும் ஆகலையே" என்கிற அனுபவம் இங்கே செல்லாது.

"டாம்சல் சாகாது தம்பி"

இந்த வாக்கியத்தின் மேல்தான் எனக்கு முக்கியமான சண்டை. ஏனென்றால் இது அறியாமை இல்லை, அறிந்து சொல்வது. தொட்டி தயாராகவில்லை, தண்ணீர் விஷமாகப் போகிறது, அதைத் தாங்க ஒரு மீன் வேண்டும், விலை குறைவாக இருக்க வேண்டும். இதெல்லாம் தெரிந்தவர்தான் "முதல்ல டாம்சல் விடு" என்று சொல்ல முடியும். ஊரெல்லாம் இதைத்தான் சொல்கிறார்கள், வீடியோ போடுகிறவர்களும் சொல்கிறார்கள்.

இதில் மூன்று பொய் இருக்கிறது.

ஒன்று, 'சாகாது' என்றால் 'வலிக்காது' என்று அர்த்தம் இல்லை. அம்மோனியா செவுளை அரிக்கும். பிழைத்த மீன் அரிபட்ட செவுளோடு பிழைத்த மீன். அப்படிப் பலவீனமான மீனைத்தான் வெள்ளைப் புள்ளி நோயும் முதலில் பிடிக்கும். பிறகு அது தொட்டி முழுக்கப் பரவும்.

இரண்டு, 'தொட்டியை அதுவே செட் பண்ணும்' என்பது. தொட்டியைத் தயார் செய்வது மீன் அல்ல, மீன் விடும் அம்மோனியா. அம்மோனியா எங்கிருந்து வந்தாலும் பாக்டீரியாவுக்கு ஒன்றுதான். மார்க்கெட்டில் வாங்கிய ஒரு இறாலைத் தண்ணீரில் போட்டு அழுக விட்டால் அதே அம்மோனியா வரும். இறால் ஏற்கெனவே செத்தது. அதற்கு இன்னொரு முறை வலிக்காது.

மூன்று, 'மலிவு' என்பது. பிழைத்த டாம்சல் மகா சண்டைக்காரன். தொட்டி முழுக்கத் தன்னுடையது என்று நினைத்துக்கொண்டு, பிறகு விடும் ஒவ்வொரு மீனையும் விரட்டும். அதைத் தனியாகப் பிடிக்கத் தொட்டியையே கலைக்க வேண்டும். 120 ரூபாய் மீன் எவ்வளவு விலை என்பது அப்போதுதான் தெரியும்.

கப்பி, மோலி, தங்கமீன் எல்லாம் பண்ணையில் பொரித்து வளர்த்தவை. நம்ம கொளத்தூரைச் சுற்றி எத்தனை குடும்பங்கள் வீட்டு மாடியிலும் பின்கட்டிலும் தொட்டி கட்டி இதே பிழைப்பு பார்க்கிறார்கள் என்பது வில்லிவாக்கத்தில் இறங்கி அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். கடல் மீன் கதை வேறு. உலகச் சந்தைக்கு வருவதில் பெரும்பாலானவை பவளப்பாறையில் இருந்து வலைபோட்டுப் பிடித்தவை. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியாவில் இருந்துதான் அதிகம் போகிறது. பாறையில் இருந்து பிளாஸ்டிக் பைக்கு, பையில் இருந்து கடைக்கு, கடையில் இருந்து எங்கள் வீட்டு ஹாலுக்கு. இவ்வளவு தாண்டி உயிரோடு வந்த மீனை ஒன்பது நாளில் கொல்வதற்குப் பெயர் பொழுதுபோக்கா?

க்ளௌன் மீன் நல்ல தொட்டியில் இருபது வருடத்துக்கு மேல்கூட வாழக்கூடியது. என் தங்கைக்குக் கல்யாணம் ஆகும்வரை இருந்திருக்க வேண்டிய மீன்.

வாங்குபவரே உஷார்?

"நீதானடா விசாரிச்சு வாங்கியிருக்கணும்?" என்று ஒரு நண்பன் கேட்டான். பாதி சரி. பாதி தப்பு. தப்பான பாதிக்கு நம்ம பாடப் புத்தகத்தையே திறக்கிறேன்.

வணிகச் சட்டத் தாளில் எல்லோரும் மனப்பாடம் செய்தோமே, 'வாங்குபவரே விழித்திரு' என்று? 1930ஆம் ஆண்டு பொருள் விற்பனைச் சட்டம், பிரிவு 16. அந்த விதிக்கு அங்கேயே விலக்கும் இருக்கிறது. எதற்காக வாங்குகிறேன் என்று விற்பவரிடம் தெரிவித்து, அவருடைய திறமையை நம்பி வாங்கினால், அதுவும் அவர் வழக்கமாக விற்கும் சரக்காக இருந்தால், அந்த உபயோகத்துக்கு அது ஏற்றதாக இருக்க வேண்டும். தேர்வில் பத்து மார்க்குக்கு எழுதினோம். கடையில் நின்றபோது ஒருத்தருக்கும் ஞாபகம் வருவதில்லை. 'நேற்றுதான் தண்ணீர் ரொப்பினேன்' என்று சொல்லித்தான் வாங்கினேன். நீதிமன்றம் போனால் ஜெயிப்பேனா என்பது வேறு விஷயம். 'உயிருள்ளதுக்கு கேரண்டி இல்லை' என்று வாயால் சொல்லிவிட்டால் பொறுப்பு முடிந்துவிடும் என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இன்னொரு சட்டமும் உண்டு. 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தில் 'விலங்கு' என்றால் மனிதனைத் தவிர எந்த உயிரினமும். நாய், பூனை, மாடு மட்டும் இல்லை. மீனும்தான்.

கடைக்காரர் பக்கத்துக்கும் வருகிறேன். வாடகை, கரண்ட் பில், சம்பளம் எல்லாம் இருக்கிறது. "ஆறு வாரம் கழிச்சு வா" என்றால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவான். இது உண்மை. நானே போயிருப்பேன். ஆனால் கணக்கை முழுசாகப் போடுங்கள் அண்ணே. இன்று 1,280 ரூபாய் வாங்கினீர்கள். மீன் செத்ததும் இரண்டாம் முறை இன்னொரு ஐநூறு வரலாம். மூன்றாம் முறை அவன் தொட்டியைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டு, "கடல் மீனெல்லாம் நமக்குச் சரிப்படாதுப்பா" என்று பத்துப் பேரிடம் சொல்லுவான். மீன் பிழைத்திருந்தால் அவன் வருஷக்கணக்கில் உப்பு, தீனி, லைட், பம்ப் என்று வந்துகொண்டே இருப்பான். சாகிற மீனில் வரும் லாபம் ஒருமுறை. வாழ்கிற மீனில் வருவது மாதாமாதம். இதைச் சொல்ல பி.காம். கூடத் தேவையில்லை.

தொட்டியை இன்றைக்கு விற்றுவிட்டு, மீனுக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு, "தண்ணி டெஸ்ட் பண்ணிக் காட்டு, மீன் தரேன்" என்று ஒரு சீட்டு எழுதித் தரலாமே? அப்படிச் செய்கிற கடைகாரர் யாராவது இருந்தால், அவர் கடைக்கு நான் இலவசமாக விளம்பரம் செய்கிறேன்.

அப்போ என்னதான் செய்வது?

திட்டிவிட்டு மட்டும் போகக்கூடாது இல்லையா. என்னுடைய தொட்டி அளவுக்குச் சொல்கிறேன்.

1. தொட்டியில் நிற்கும் தண்ணீர் சுமார் 150 லிட்டர். கடல் நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. ஆகவே ஐந்தேகால் கிலோ. சமையல் உப்பு கூடாது, தொட்டிக்கென்றே வரும் கடல் உப்பு. எங்கள் ஏரியா போர் தண்ணீரை நேரடியாக ஊற்றாமல் ஆர்.ஓ. தண்ணீர்.

2. மணலும் கல்லும் போட்டு பம்பை ஓட விடுங்கள். 'லைவ் ராக்' என்று பவளப்பாறைத் துண்டு தந்தால் தொடாதீர்கள். கல் பவளம் 2001ல் இருந்தே வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது. செராமிக் கல் போதும்.

3. ஒரு இறாலைக் கொசுவலைத் துணியில் கட்டித் தொங்க விடுங்கள். நாறும். ஆயா திட்டுவார். பொறுத்துக்கொள்ளுங்கள். அம்மோனியா நன்றாக ஏறியதும் மூட்டையை எடுத்துவிடலாம்.

4. அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் மூன்றுக்கும் சொட்டு டெஸ்ட் கிட் வாங்குங்கள். விலை இரண்டு நீமோவை விட அதிகம் என்று யோசிப்பீர்கள். இரண்டு நீமோவும் செத்துவிடும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

5. அம்மோனியா ஏறி இறங்கும். பிறகு நைட்ரைட் ஏறி இறங்கும். நைட்ரேட் மட்டும் மிஞ்சும். அப்போது மறுபடி கொஞ்சம் தீனி போட்டுச் சில நாள் பாருங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் தலைகாட்டவில்லை என்றால் தொட்டி தயார். காலண்டர் சொல்வது கணக்கில்லை, டெஸ்ட் கிட் சொல்வதுதான் கணக்கு.

6. தண்ணீரில் பெரும்பகுதியை மாற்றிவிட்டு ஒரு மீன். ஒன்றே ஒன்று. இரண்டு வாரம் கழித்து அடுத்தது. பாக்டீரியா இருக்கிற கும்பலுக்குத்தான் சமைத்து வைத்திருக்கும். திடீரென்று பஸ் நிறைய விருந்தாளி இறங்கினால் அதுவும் திணறும்.

7. மீன் வாங்கும்போது பண்ணையில் பொரித்ததா என்று கேளுங்கள். க்ளௌன் மீனைப் பண்ணையில் பொரிக்கும் முறையை நம்ம மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமே மண்டபம் போன்ற மையங்களில் உருவாக்கியிருக்கிறது. கடலில் பிடித்தால்தான் நீமோ என்றில்லை.

"பாட்டிலில் பாக்டீரியா விற்கிறார்களே, அதை ஊற்றினால்?" என்று கேட்பீர்கள். நல்ல சரக்காக இருந்தால் காலம் குறையலாம். நாம் வீட்டில் பழைய மாவு ஒரு கரண்டி சேர்ப்பதில்லையா, அதுமாதிரி. ஆனால் எந்த மாவு என்பது முக்கியம். தொட்டியில் நைட்ரைட்டைத் தின்பது நைட்ரோபாக்டர் என்றுதான் பல காலம் எல்லோரும் நினைத்திருந்தார்கள். 1998ல் ஹோவனெக் என்பவரின் குழுதான் நன்னீர்த் தொட்டிகளில் அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா வகை என்று காட்டியது. ஆகவே பாட்டிலை நம்பாதீர்கள், ஊற்றிய பிறகும் டெஸ்ட் கிட்டை நம்புங்கள். எனக்கு விற்ற பாட்டிலை ஐந்தாம் நாள் ஊற்றினேன். முடிவுதான் உங்களுக்குத் தெரியுமே.

கடைசியாக என் பாதி

எங்கள் ஊர் மாசிலாமணீசுவரர் கோயில் தல புராணம் பலருக்குத் தெரிந்திருக்கும். தொண்டைமான் மன்னனின் யானையின் காலை முல்லைக்கொடி சுற்றிக்கொண்டது. அவசரத்தில் வாளை எடுத்து வெட்டினான். கொடிக்கு அடியில் இருந்த லிங்கத்தின் மேல் வாள் பட்டு ரத்தம் வந்தது. சின்ன வயதில் இருந்து கேட்ட கதை. அவனுக்குக் கொடிதான் கண்ணுக்குத் தெரிந்தது, அடியில் இருந்தது தெரியவில்லை. எனக்குத் தெளிந்த தண்ணீர்தான் தெரிந்தது. ஆனால் மன்னன் ரத்தத்தைப் பார்த்ததும் வாளைப் போட்டான். நான் ஸ்டேட்டஸ் போட்டேன்.

கடைக்காரர் பொய் சொன்னார், சரி. "இவ்வளவு சீக்கிரமா?" என்று கேட்கத் தெரிந்த எனக்கு, அவர் பதிலை ஏன் உடனே நம்பப் பிடித்தது? அது நான் கேட்க விரும்பிய பதில் என்பதால்தான். ஆறு வாரம் காலித் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை. அந்தப் பொறுமையின்மைக்குத்தான் 1,280 ரூபாய் பில் போட்டார்கள். உண்மையான விலையைக் கட்டியவை அந்த மீன்கள்.

பிழைத்த டாம்சல் இன்னும் இருக்கிறது. இது நாலாவது மாதம். தொட்டி தயாராகிப் பல வாரம் ஆகிறது, தண்ணீர் சுத்தம். தங்கை நீமோ கேட்கிறாள். இரண்டாவது தொட்டி ஒன்று வாங்கியிருக்கிறேன். அதில் இப்போது ஒரு இறால் தொங்குகிறது. "நாத்தம் தாங்கலை" என்று ஆயா தினமும் புலம்புகிறார். மூன்றாவது வாரம் ஓடுகிறது.

அந்த வீடியோவை நான் அழிக்கவில்லை. பாட்டை மட்டும் எடுத்துவிட்டேன். "மச்சி, கடல் மீன் தொட்டி வைக்கப் போறேன், நாளைக்கு மீன் வாங்கப் போலாம் வரியா?" என்று யார் கேட்டாலும் முதலில் அதைக் காட்டுகிறேன்.

டிஸ்கி: கேட்டரிங் வேலையில் இறால் தொக்கு பரிமாறும்போதெல்லாம் ஒரு இறாலை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளலாமா என்று தோன்றுகிறது. மசாலா தடவியது ஆகாது. :-)